சிங் காலச் சீனத்தில் ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிடுவது எப்படி

சிங் வம்சம் (1644–1912) ஆண்ட சீனத்தில் சாதாரணக் குடும்பம் ஒன்றுக்கு எவ்வளவு வருமானம் வந்தது, அதை வைத்து என்ன சாப்பிட்டார்கள் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். பழைய கூலியில் எத்தனை கிராம் வெள்ளி இருந்தது என்று பார்த்து, அதை இன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, ரூபாயில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகை எதையும் காட்டாது. வீட்டுச் செலவில் பெரும்பங்கு சோற்றுக்கே போன காலம் அது. எனவே எல்லா வரவையும் தானியமாக மாற்றுங்கள். பிறகு அந்தத் தானியத்தை வீட்டில் இருந்த வாய்களுக்குப் பங்கிடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்வதைப் பற்றியதுதான்.

முதலில் இடம், ஆண்டு, வீடு

"சீன விவசாயி" என்று பொதுவாக ஒருவர் இல்லை. யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியான ஜியாங்னானில் நெல்லும் பட்டும் பருத்தியும் விளைந்தன. பெய்ஜிங்கைச் சுற்றிய வட சமவெளியில் ஏழைகளின் உணவு சோளமும் தினையும்தான். அங்கே அரிசி விலையை வைத்துக் கணக்கிட்டால் ஏழைகளை இல்லாத அளவுக்குப் பரம ஏழைகளாக்கிவிடுவோம். அவர்கள் அரிசி வாங்கவே இல்லை. அந்த ஊர் ஏழை எந்தத் தானியத்தைச் சாப்பிட்டாரோ அதன் விலையை எடுங்கள்.

ஆண்டையும் குறிப்பாக முடிவு செய்யுங்கள். சியான்லாங் பேரரசரின் காலம் மட்டுமே அறுபது ஆண்டுகள். அதன் தொடக்க விலையும் முடிவு விலையும் ஒன்றல்ல.

அளவுகள்: பாதித் தவறுகள் இங்கேதான்

நில அளவு மூ. சிங் காலத்து மூ சுமார் 614 சதுர மீட்டர், அதாவது 15 செண்ட். ஓர் ஏக்கருக்கு ஆறரை மூ. இன்றைய சீனத்தின் மூ 667 சதுர மீட்டர். இரண்டையும் குழப்பினால் விளைச்சல் கணக்கு எட்டு விழுக்காடு வரை பிசகும்.

தானிய அளவு ஷி. 1 ஷி என்பது 10 டோ, அல்லது 100 ஷெங். இது நம் மரக்காலைப் போல முகத்தல் அளவை. அரசுக் களஞ்சியத்தின் ஷி சுமார் 103 லிட்டர் கொள்ளும். அரிசியாக நிறுத்தால் ஏறத்தாழ 80 கிலோ. சந்தைக்குச் சந்தை படி மாறியது. ஆகவே ஓர் ஆவணத்தில் "ஷி" என்று கண்டால் அது களஞ்சியத்து ஷியா, ஊர்ச் சந்தையின் ஷியா என்று பாருங்கள்.

அதைவிட ஆபத்தானது நெல்லையும் அரிசியையும் குழப்புவது. சீன மொழியில் இரண்டுக்கும் வேறு எழுத்துகள் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போது இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். அரசுக் கணக்கில் 2 ஷி நெல்லுக்கு 1 ஷி அரிசி. களஞ்சிய இருப்புகள் பெரும்பாலும் நெல்லாகவே எழுதப்பட்டன. இதைக் கவனிக்காவிட்டால் விடை அப்படியே இரட்டிப்பாகும்.

பணத்துக்கு இரண்டு அளவுகள். வெள்ளியை லியாங் கணக்கில் நிறுத்தார்கள். கருவூல எடையில் 1 லியாங் சுமார் 37.3 கிராம். ஐரோப்பியர் இதைத்தான் டேல் என்றார்கள். அன்றாடச் செலவுக்கு நடுவில் ஓட்டையிட்ட செப்புக் காசு. அதன் பெயர் வென். 1,000 வென்னுக்கு 1 லியாங் என்பது அரசு விரும்பிய விகிதம். சந்தை அதற்குக் கட்டுப்படவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் 800 வென்னை ஒட்டியே 1 லியாங் கிடைத்தது. 1840-களில் பல ஊர்களில் 2,000 வென்னைத் தாண்டியது. நாளுக்கு 100 வென் பெறுபவரின் வருமானம் முதல் விகிதத்தில் 0.125 லியாங், இரண்டாவதில் 0.05 லியாங். கையில் வாங்கிய காசின் எண்ணிக்கை மாறவே இல்லை! கூலி காசில் இருந்தால் காசு விலையோடும், வெள்ளியில் இருந்தால் வெள்ளி விலையோடும் ஒப்பிடுங்கள். தவிர்க்க முடியாதபோது மட்டும் அந்த ஊரின் அந்த ஆண்டு விகிதத்தால் மாற்றுங்கள். 1840-களில் சொந்த நிலம் வைத்திருந்த சிறு விவசாயியே இதில் அதிகம் நசுங்கினார். விளைச்சலை விற்றுக் கிடைத்தது காசு. நிலவரி கணக்கிடப்பட்டது வெள்ளியில்.

காசுகளைக் கோத்த "சரம்" என்று எழுதியிருந்தால் 1,000 காசு என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெய்ஜிங்கில் ஒரு காசை இரண்டாக எண்ணும் வழக்கம் இருந்தது; அங்கே "ஆயிரம்" என்றால் கையில் 500 காசுதான்.

தானிய விலையை எடுப்பது

இந்த விஷயத்தில் சிங் சீனம் ஆய்வாளருக்குப் பெரிய கொடை. மாவட்டங்களிலிருந்து விலைகள் மேலே போய், ஒவ்வொரு மாகாண ஆளுநரும் மாதந்தோறும் பேரரசருக்கு விலைப்பட்டியல் அனுப்பினார். 1730-களின் பிற்பகுதியிலிருந்து இது ஒழுங்கான முறையாகிவிட்டது. ஒவ்வொரு தானியத்துக்கும் வட்டாரத்தின் குறைந்த விலையும் உயர்ந்த விலையும், 1 களஞ்சிய ஷிக்கு இத்தனை லியாங் என்று இருக்கும். தைவானின் அகாடெமியா சினிக்கா இவற்றைத் தரவுத்தளமாகத் தொகுத்து வைத்திருக்கிறது.

எடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒரே எண் பல மாதங்கள் அசையாமல் நின்றால், எழுத்தர் போன மாதத் தாளைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரிசையை நம்பாதீர்கள். அடுத்தது, உயர்ந்த விலையும் குறைந்த விலையும் ஒரே சந்தையின் இரண்டு நாள்கள் அல்ல. வட்டாரத்துக்குள் வெவ்வேறு மாவட்டங்கள். நகரத்துக் கூலிக்காரருக்குக் குறைந்த விலையை வைத்தால் அவரைச் செழிப்பானவராகக் காட்டிவிடும்.

கீழே உள்ள கணக்குகளில் 18-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி ஜியாங்னானுக்கு 1 ஷி அரிசி 1.6 லியாங் என்று மாதிரிக்கு வைத்துக்கொள்வோம்.

"போதும்" என்பதற்கு இரண்டு கோடுகள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரே தரவிலிருந்து இரண்டு பேர் நேர்மாறான முடிவுக்கு வருவது இங்கேதான்.

முதல் கோடு, இன்றைய பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் நாடுகளை ஒப்பிடப் பயன்படுத்தும் உயிர்வாழ்வுக் கூடை. தென் சீனத்துக்கு அது வளர்ந்த ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 171 கிலோ அரிசி, 20 கிலோ பயறு வகை, 3 கிலோ இறைச்சி, 3 கிலோ எண்ணெய், 3 மீட்டர் துணி, விளக்கு எரிக்கக் கொஞ்சம் எண்ணெய், மெழுகுவத்தி, சோப்பு, அடுப்பு எரிக்கும் விறகு. நாளுக்கு 1,940 கலோரி. குடும்பத்துக்கு இப்படி மூன்று கூடை என்று வைப்பார்கள். அரிசி மட்டும் 513 கிலோ. நம் அளவில் 6.4 ஷி.

இரண்டாவது கோடு, அந்தக் காலத்து மனிதர்களே போதும் என்று கருதியது. ஹோங் லியாங்ஜி (1746–1809) என்ற அறிஞர் 1793-இல் மக்கள்தொகை பற்றி எழுதியபோது, முதியோர், நோஞ்சான் எல்லாரையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1 ஷெங் அரிசி, ஆண்டுக்கு 4 ஷி என்று கணக்கிட்டார். ஜியாங்னான் விவசாயிகளை ஆராய்பவர்கள் பெரியவர், சிறியவர் சேர்த்துச் சராசரி 3.6 ஷி என்று எடுப்பதுண்டு. ஐந்து பேர் வீட்டுக்கு 18 ஷி. முதல் கோட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு!

எது சரி என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. முதலாவது, சாகாமல் இருக்க எவ்வளவு தேவை. இரண்டாவது, உழைக்கும் குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட்டு, பண்டிகைக்கு ஒதுக்கி, கடன் படாமல் இருக்க எவ்வளவு. "சீனக் கூலிக்காரர் லண்டன் கூலிக்காரரைவிட மிக ஏழை" என்று சொல்ல முதல் கோடு போதும். ஒரு வீட்டின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இரண்டாவது கோடு இல்லாமல் முடியாது. எந்தக் கோட்டை வைத்தீர்கள் என்பதை விடையோடு எழுதிவையுங்கள்.

ஒரு எளிய சோதனை. சிங் அரசின் பச்சைக் கொடிப் படை என்ற படையின் போர்க்காலாள் வீரருக்கு மாதம் 1.5 லியாங் வெள்ளியும் 3 டோ அரிசியும் சம்பளம். ஆண்டுக்கு 18 லியாங், 3.6 ஷி. அரிசிக்கு 1.6 லியாங் வைத்தால் மொத்தம் 23.76 லியாங், அரிசியாக 14.85 ஷி. முதல் கோட்டின் அரிசியைத் தாண்டி மற்றச் செலவுக்கும் மிஞ்சுகிறது. இரண்டாவது கோட்டில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருந்தால் தானியத்துக்கே போதவில்லை. உப்பு, எண்ணெய், துணி பற்றிப் பேச்சே இல்லை. படைவீரர்களின் மனைவிமார் நெய்ததும், வீரர்களே பக்கத் தொழில் பார்த்ததும் எதனால் என்று இந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

கூலியைப் படிக்கும் விதம்

ஆவணத்தில் உள்ள கூலி, முழுக் கூலியாக இருப்பது அரிது. பெரும்பாலும் சாப்பாடு தனி. ஜெஜியாங் மாகாணத்தின் ஹூஜோ பகுதியில் 1640-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு வேளாண் கையேடு, ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளும் பண்ணையாளுக்கு ஆகும் செலவை வரிவரியாகத் தருகிறது. சிங் ஆட்சிக்குச் சற்று முந்தையது என்றாலும் இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது கடினம். வெள்ளிக் கூலி 5 லியாங். சாப்பாட்டு அரிசி 5.5 ஷி, அதன் மதிப்பு 5.5 லியாங். வழிச்செலவு 1 லியாங். கருவிகள் 0.3. விறகும் மதுவும் 1.2. ஆக 13 லியாங். கூலியை மட்டும் பார்த்தவர் 5 என்று எழுதுவார். சாப்பாடு அதைவிட அதிகம்.

எதிர்ப்பக்கமும் அங்கேயே இருக்கிறது. அந்த ஒருவர் 4 மூ மேட்டு நிலத்தையும் 8 மூ வயலையும் பார்த்துக்கொள்வார். நிலத்திலிருந்து 4 லியாங், குத்தகை போக மிஞ்சும் நெல்லில் 8 ஷி அரிசி, அதாவது 8 லியாங். மொத்தம் 12. உரத்துக்கும் தினக்கூலிக்கும் ஆகும் செலவை வைக்கோலும் வசந்தகாலப் பயிரும் ஈடுகட்டும். லாபமே இல்லை என்று கையேடே முடிக்கிறது. ஆள் வைத்துப் பயிர் செய்வது கட்டுப்படியாகவில்லை என்பதால்தான் ஜியாங்னானில் பெரிய பண்ணைகள் தேய்ந்து, நிலம் சிறு குத்தகைகளாகப் பிரிந்தது.

இப்போது அந்தப் பண்ணையாளின் பக்கம் போங்கள். தன் சோறு போக 5 லியாங், அன்றைய விலையில் 5 ஷி அரிசி. அதை வைத்து ஒரு மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் காப்பாற்ற முடியுமா? முடியாது. அவர் ஏழை என்பது உண்மை. ஆனால் அந்தக் கூலிக்கு ஐந்து பேர் குடும்பத்தைக் கற்பனை செய்ததும் நம் தவறு. பண்ணையாள்களிலும் நகரக் கூலிகளிலும் மணமாகாத ஆண்கள் ஏராளம். கூலி ஆவணங்களைக் கொண்டு "சராசரிக் குடும்பம்" கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு இருந்தவர்கள் பெரும்பாலும் குத்தகைக்கோ சொந்தமாகவோ நிலம் உழுதவர்கள். அவர்களுக்குக் கூலியே வரவு அல்ல.

அரசின் கட்டட வேலைக்கான கூலிப் பட்டியல்களும் உண்டு. 1769-இன் பொருள் விலை விதித்தொகுப்பு அதில் புகழ்பெற்றது. சாதாரண ஆளுக்கு நாளுக்கு 0.04 முதல் 0.06 லியாங் வரை என்று பல மாவட்டங்களில் வருகிறது. இது அரசு கொடுக்க நிர்ணயித்த விகிதம். சந்தைக் கூலியின் நேர்படமாக எடுக்காமல் ஒரு எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். கொலை வழக்கு அறிக்கைகள் இதைவிட நம்பகமானவை. கூலித் தகராறில் அடிதடி நடந்து ஆள் செத்துப்போனால், எவ்வளவு கூலி பேசினார்கள், சாப்பாடு உண்டா என்பதையெல்லாம் அதிகாரி எழுதி மேலே அனுப்ப வேண்டியிருந்தது.

துண்டு வேலைக் கூலி: சூஜோவின் கல் மிதிப்பவர்கள்

சூஜோ நகரில் சாயம் போட்ட பருத்தித் துணியை உருளையில் சுற்றி, அதன் மேல் பெரிய கல்லை வைத்து, கல்லின் மேல் ஏறி நின்று கால்களால் இப்புறமும் அப்புறமும் ஆட்டி மெருகேற்றினார்கள். 1730-இல் லீ வெய் என்ற உயர் அதிகாரி அனுப்பிய அறிக்கைப்படி, 340-க்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்கள், 450-க்கும் மேற்பட்ட பட்டறைகள், 10,900-க்கும் மேற்பட்ட கற்கள்; ஆள்களும் அதே அளவு. தனி ஆள்கள், அடங்காதவர்கள் என்று அவர் கவலையோடு எழுதுகிறார். மேலே சொன்ன மணமாகாத ஆண்கள் இவர்கள்தான்.

ஒரு பீஸ் துணிக்கு 0.0113 லியாங் கூலி. மாதம் 0.36 லியாங்கை இடத்துக்கும் கல்லுக்கும் உருளைக்கும் வாடகையாக ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் படிக்காவிட்டால் பயனில்லை. மாதம் 25 நாள் வேலை என்று வைப்போம். நாளுக்கு 10 பீஸ் மிதித்தால் வரவு 2.825 லியாங், வாடகை போக 2.465, வாடகை எடுத்துக்கொண்டது 13 விழுக்காடு. வியாபாரம் மந்தமாகி நாளுக்கு 6 பீஸே கிடைத்தால் வரவு 1.695, மிச்சம் 1.335; வாடகையின் பங்கு 21 விழுக்காடு. பீஸ் எண்ணிக்கையும் நாள் எண்ணிக்கையும் நாம் வைத்தவை. ஆவணத்தில் உள்ளவை கூலியும் வாடகையும் மட்டுமே. துண்டு வேலைக்கு எப்போதும் இப்படி இரண்டு மூன்று வேகங்களில் போட்டுப் பாருங்கள். விறகு, அரிசி, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றை ஒப்பந்ததாரரே முன்பணமாகத் தந்ததால், மந்த மாதம் நேராகக் கடனாக மாறும்.

குத்தகைக் குடும்பம்

ஜியாங்னானில் ஓர் ஆண் பத்து மூ என்பது அன்றைய பொதுக்கணக்கு. நம் அளவில் ஒன்றரை ஏக்கர். மூவுக்கு 2 ஷி அரிசி விளைந்தால் 20 ஷி. குத்தகை மூவுக்கு 1 ஷி. மிச்சம் 10. அறுவடைக்குப் பின் 5 மூவில் கோதுமை போட்டு, அரிசி மதிப்பில் 3.5 ஷி வந்ததாக வைப்போம்.

அடுத்தது பெண்களின் உழைப்பு. இதை விட்டுவிட்டால் கணக்கே இல்லை. பஞ்சு அடிப்பது முதல் நெய்து முடிப்பது வரை ஒரு பீஸ் துணிக்கு ஏறத்தாழ ஏழு நாள் வேலை. அதில் நெய்வது ஒரு நாள்தான், நூற்பதற்கு மட்டும் நான்கு. ஆண்டுக்கு 210 நாள் என்றால் 30 பீஸ். வீட்டுக்கு 10 போக 20 விற்பனைக்கு. பஞ்சு விலை போக பீஸுக்கு 0.2 லியாங் நின்றால் 4 லியாங், அரிசியில் 2.5 ஷி. ஆக 10 + 3.5 + 2.5 = 16 ஷி. தேவை 18. பற்றவில்லை.

இங்கே நிறுத்திவிட்டு "விவசாயி பட்டினி" என்று எழுத வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதிய குத்தகை முழுதும் வசூலாவது அரிது. தள்ளுபடி வழக்கமாகவே இருந்தது. 10 ஷிக்கு 8 ஷி கொடுத்திருந்தால் விடை சரியாக 18. விதை, மொச்சைப் பிண்ணாக்கு உரம், எண்ணெய், உப்பு ஆகியவை இன்னும் கணக்கில் வரவில்லை. கோழி, பன்றி, காய்கறி, வைக்கோல் ஆகியவையும் வரவில்லை. ஒரு ஊகம் மாறினால் வறுமையும் போதுமையும் இடம் மாறுகின்றன. அதனால் ஒரே எண்ணைத் தராமல் விளைச்சல், குத்தகை, துணி லாபம் மூன்றையும் தாழ்வு, நடு, உயர்வு என்று வைத்து எல்லையைத் தாருங்கள். துணி லாபம் எவ்வளவு என்பதில் வரலாற்று ஆய்வாளர்களிடையே கடும் விவாதம் உண்டு. அந்த எண்ணை யாரிடமிருந்து எடுத்தாலும் பஞ்சு விலையைக் கழித்தார்களா என்று பாருங்கள்.

அறிஞர்களின் புலம்பலைச் சரிபார்ப்பது

ஹோங் லியாங்ஜி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன் பாட்டன் காலத்தில் 1 ஷெங் அரிசி 6, 7 வென், தன் காலத்தில் 30, 40 வென் என்கிறார். ஓர் ஆளின் ஆண்டுத் தேவை 4 ஷி அரிசி, 5 ஜாங் துணி (ஜாங் என்பது நீட்டல் அளவை). பழைய விலையில் 2,800-உம் 200-உம் சேர்த்து 3,000 வென். புதிய விலையின் நடுவை எடுத்தால் அரிசிக்கு 14,000, துணிக்கு (ஒரு ஜாங்குக்கு 100 முதல் 200 வென்) 750. ஆண்டுக்கு 40,000 வென் சம்பாதிப்பவர் முன்பு பத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டிருப்பார். இப்போது மூன்று பேருக்கும் குறைவு. கூட்டல் பெருக்கல் சரியாகவே இருக்கிறது. ஆனால் கூலி அந்த ஐம்பது ஆண்டும் மாறவில்லை என்ற ஊகம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அவர் மக்கள் பெருக்கத்தைப் பற்றி எச்சரிக்க எழுதியவர். விலையைத் திருத்தமாகப் பதிவு செய்ய எழுதியவரல்ல. இப்படிப்பட்ட எண்களை அதே மாகாணத்தின் மாத விலைப்பட்டியலோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கு சரி, மாதக் கணக்கு?

நாள்காட்டியைப் பாருங்கள். சந்திர ஆண்டு சுமார் 354 நாள்; 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்குப் பதின்மூன்று மாதம். மாதச் சம்பளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 12-ஆல் பெருக்கினால் அந்த ஆண்டுகளில் பிழை வரும்.

ஆண்டு மொத்தம் சரியாக வந்த வீடும் இளவேனிலில் பட்டினி கிடந்திருக்கலாம். பழைய தானியம் தீர்ந்து புதுப்பயிர் இன்னும் பச்சையாக நிற்கும் அந்த இடைவெளிக்குச் சீனத்தில் "பச்சையும் மஞ்சளும் சேராத காலம்" என்று பெயர். அரசின் சமநிலைக் களஞ்சியங்கள் இருப்பில் சுமார் பத்தில் மூன்று பங்கை வசந்தத்தில் மலிவாக விற்று, அறுவடைக்குப் பின் திரும்ப வாங்கிக்கொண்டது இதற்காகத்தான். குடும்பமோ குளிர் விட்டதும் பஞ்சு வைத்துத் தைத்த அங்கியை அடகுக் கடைக்குக் கொண்டுபோனது. சட்டப்படி வட்டி மாதம் நூற்றுக்கு 3-ஐத் தாண்டக்கூடாது. மொத்த வட்டி அசலையும் தாண்டக்கூடாது. 1 லியாங்குக்கு அடகு வைத்து ஆறு மாதம் கழித்து மீட்டால் வட்டி 0.18 லியாங், 1.6 விலையில் 11 ஷெங் அரிசி. ஹோங் லியாங்ஜியின் கணக்கில் ஓர் ஆளுக்குப் பதினொரு நாள் சாப்பாடு. உங்கள் தாளில் கடைசி வரியாக இதையும் சேருங்கள்: அறுவடை முடிந்த மாதத்தில் தொடங்கி மாதாமாதம் இருப்பைக் கழித்து, அது எந்த மாதத்தில் பூஜ்யத்தைத் தொடுகிறதோ அந்த மாதத்திலிருந்து வட்டி போடுங்கள்.